நாலாம் நம்பர் சிஸ்டம்

சென்னைப் பெரியாஸ்பத்திரி வாசலில் வந்து நின்ற ஏழாவது ஆம்புலன்சும் திருத்தணி வண்டி இல்லை. அதிலிருந்து நிறைமாதக்காரி ஒருத்தியை இறக்கினார்கள். கஸ்தூரி ஸ்ட்ரெச்சருக்கு வழிவிட்டு ஒதுங்கி, மறுபடி தூணோரம் வந்து நின்றுகொண்டாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அப்பாவை எப்படியும் நாலு நாளாவது படுக்க வைப்பார்கள் என்று எதிர்க்கடையில் துண்டும், டூத்பிரஷும், பிளாஸ்கும், சோப்பு டப்பாவும் வாங்கி வைத்திருந்தாள்.

காலை எட்டே முக்காலுக்கு அக்கா போன் செய்தாள். ஸ்கூலுக்குப் போகும் பஸ்ஸிலேயே அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம். கண்டக்டரும் இன்னொருவரும் ஆட்டோவில் போட்டு திருத்தணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்களாம். அங்கே ஊசி போட்டு, உடனே சென்னைக்குக் கொண்டு போங்கள் என்றுவிட்டார்கள். அக்காவின் புருஷன் பெருமாள், பொதட்டூர்பேட்டையில் தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்து கூடவே ஆம்புலன்சில் ஏறிக்கொண்டார். கஸ்தூரி அப்போதுதான் இரவு வேலை முடித்து ஹாஸ்டலுக்குத் திரும்பியிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே திரும்பி ஆட்டோ பிடித்தாள்.

பதினொன்று இருபதுக்கு பெருமாள் பாவாவின் போன் வந்தது.

"கஸ்தூரி, எங்க கீற?"

"வாசல்லயேதான் நின்னுகினு இருக்கேன் பாவா. நீங்க எங்க வந்துகினு இருக்கீங்க? பூந்தமல்லி தாண்டிட்டீங்களா?"

அந்தப் பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நாங்க அங்க வரலமா."

"ஏன்?"

"வழியிலயே மூச்சு ஒரு மாதிரி ஆயிடுச்சி. திருவள்ளூர் ஆஸ்பத்திரில எறக்கனோம். பாத்துட்டு சொல்லிட்டாங்க. நாங்க ஊருக்குத் திரும்பறோம். நீ தனியா வந்துருவியா? யார்னா அனுப்பட்டுமா?"

"ஆங். வந்துருவேன் பாவா. நீங்க பாத்துப் போங்க" என்றாள். சொன்ன பிறகுதான், அது ஆபீசில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசும் குரல் என்று அவளுக்கு உறைத்தது. தெளிவான, பதறாத, எதிராளிக்குத் தைரியம் சொல்கிற குரல்.

பிளாஸ்டிக் கவரை என்ன செய்வது என்று தெரியவில்லை. தூணோரம் ஒரு கிழவர் துண்டு விரித்துப் படுத்திருந்தார். அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு சென்ட்ரலுக்கு நடந்தாள்.

திருத்தணி லோக்கலில் மதிய நேரத்துக்குக் கூட்டம் இல்லை. ஜன்னலோர இடம் கிடைத்தது. போனை எடுத்துப் பார்த்தாள். வந்து எடுக்காத அழைப்புகளில் மேலே நாலைந்து அக்காவுடையது. அதற்கும் கீழே, காலை ஆறு பத்துக்கு அப்பாவின் அழைப்பு, 'நைனா' என்று இருந்தது.

அந்த அழைப்பு வந்தபோது அவள் ஓஹியோவில் இருக்கும் ஒரு மூன்றாம் வகுப்பு டீச்சருடன் பேசிக்கொண்டிருந்தாள். கஸ்தூரி வேலை பார்த்த கம்பெனி, அமெரிக்கப் பள்ளிக்கூட வாத்தியார்கள் தங்கள் வகுப்புக்கு வலைப்பூ வைக்கவும், பாடங்களை இணையத்தில் ஏற்றவும் ஒரு தளம் நடத்தியது. ஏற்றத் தெரியாமல் திண்டாடுகிறவர்களுக்கு உதவி செய்வது அவள் வேலை. அங்கே அவளுக்குப் பெயர் மெலிசா. 'எந்தக் கேள்வியும் சின்னக் கேள்வி இல்லை' என்பதை ஆங்கிலத்தில் அச்சடித்து அவள் மேசைத் தடுப்பில் ஒட்டியிருந்தார்கள். ஓஹியோ டீச்சருக்கு அறுபது வயதுக்குக் குறையாது. பிள்ளைகள் காகிதத்தில் செய்த பனிமனிதனின் போட்டோவை வலைப்பூவில் போட வேண்டும். போட்டால் படுக்கைவாட்டில் விழுகிறது. கஸ்தூரி ஐம்பது நிமிடம் அந்தம்மாவுடன் இருந்தாள். ஒரே விஷயத்தை ஒன்பது தரம் சொன்னாள். "அவசரமே இல்லை, நிதானமாகச் செய்யுங்கள், நான் இங்கேதான் இருக்கிறேன்" என்றாள். நடுவில் மேசைமேல் கிடந்த செல்போன் அதிர்ந்தது. 'நைனா' என்று பார்த்தாள். எதற்கு என்று தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வண்டி அரக்கோணத்தில் வெகுநேரம் நின்றது. கஸ்தூரிக்கு அழுகை வரவில்லை.

அவள் அப்பா பஞ்சாட்சரம், பள்ளிப்பட்டு ரோட்டில் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் வாத்தியார். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. போன டிசம்பரில் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் கம்ப்யூட்டர் பயிற்சி என்று திருவள்ளூருக்குக் கூப்பிட்டார்கள். வயசானவர்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட, இவர் மட்டும் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். வாத்தியார் ஒருத்தர் தன் பாடத்தைத் தானே எழுதி உலகம் பூரா பார்க்கும்படி வைக்கலாம், ஒரு காகிதம் அச்சடிக்க வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றாமலே கஸ்தூரிக்குப் போன் போட்டார்.

"கஸ்தூரி, உன் வேலை இன்னான்னு இன்னிக்குத்தான் எனுக்குப் புரிஞ்சிது" என்றார்.

அதற்கப்புறம் திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தன்வீர் வைத்திருந்த பிரௌசிங் சென்டருக்கு தினமும் போனார். பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே அங்கேதான். ஒற்றை விரலால் தட்டுவார். ஒரு பாடம் முடிக்க நாலு சாயந்திரம் ஆனது. முதல் பாடம் முடிந்த அன்றைக்குத்தான் சிக்கல் தெரிந்தது. அவர் பழகியது பழைய தட்டச்சுத் தமிழ் எழுத்துரு. அது தன்வீர் கடையில் நாலாம் நம்பர் சிஸ்டத்தில் மட்டும்தான் இருந்தது. அதில் திறந்தால் தமிழ். வேறு எதில் திறந்தாலும், ஆங்கில எழுத்துகளை உரலில் போட்டு இடித்துக் கொட்டிவைத்தது போல இருந்தது.

கஸ்தூரிக்கு அது தெரிந்த சங்கதிதான். பழைய எழுத்தை எல்லா கம்ப்யூட்டரிலும் தெரியும் எழுத்தாக மாற்றித் தருவதற்கு இணையத்திலேயே பக்கம் இருக்கிறது. இந்தப் பெட்டியில் ஒட்டினால் அந்தப் பெட்டியில் வந்துவிடும். அதைச் சொல்லியிருக்கலாம்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது அப்பா ஒரு நீள நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, பேனா மூடியைத் திறந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "சொல்லு, ஒண்ணொண்ணா எழுதிக்கறேன். ஒன்னு, இன்னா பண்ணணும்?" என்றார். அவள் மூன்று நாளாகத் தூங்கவில்லை. இரவெல்லாம் வாத்தியார்களுக்கு இதையே சொல்லிவிட்டு வந்தவளுக்கு, வீட்டிலும் ஒரு வாத்தியார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்ததும் எரிச்சல் மண்டையில் ஏறியது.

"நைனா, அது நீ நெனைக்கிற மாதிரி லேசு இல்ல. ஃபான்ட் பிரச்சினை. பெரிய வேலை. நான் லீவு போட்டு வந்து, பத்து நாள் உக்காந்து பண்ணணும். இப்போ முடியாது."

"பத்து நாளா?"

"ஆங்."

அப்பா நோட்டை மடக்கினார். பேனாவை மூடி சட்டைப் பையில் செருகினார். "அப்போ அவசரம் இல்ல. உனுக்கு எப்போ லீவு தராங்களோ அப்போ பாத்துக்கலாம். பரீட்சைக்கு முன்னால ஆனா போதும்" என்றார். அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். பிப்ரவரியில் இரண்டு தரம் போன் செய்தார். இரண்டு தரமும், "சும்மாதான் போட்டேன், சாப்டியா?" என்றுதான் கேட்டார். அவள்தான், "லீவு கேட்டிருக்கேன் நைனா" என்றாள். கேட்கவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. தெருமுனையிலேயே பந்தல் துணி தெரிந்தது. கூடத்து நாற்காலிகளையும் டிவியையும் எடுத்துவிட்டு, அரக்கோணத்திலிருந்து வரவழைத்த ஐஸ் பெட்டியை நடுவில் வைத்திருந்தார்கள். பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது. அக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அம்மா எழுந்திருக்கவில்லை. பெட்டிமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், கஸ்தூரியைப் பார்த்ததும் இன்னொரு கையால் பக்கத்துத் தரையைத் தட்டினாள். கஸ்தூரி போய் உட்கார்ந்தாள்.

கண்ணாடியின் உட்புறம் பனி பூத்திருந்தது. அப்பாவின் நெற்றியும் மூக்கும் தெரிந்தன. வலது கைக் கட்டைவிரலில் சாக்பீஸ் வெள்ளை அப்படியே இருந்தது. நேற்றையது.

"காலையில உனுக்குப் போன் போட்டாரு" என்றாள் அம்மா, யாரிடமோ சொல்வது போல. "நீ எடுக்கலன்னதும், 'வேலையா இருப்பா, தொந்தரவு பண்ணக் கூடாது'ன்னாரு. டிபன் பாக்ஸ வாங்கிகினு போயிட்டாரு."

"எதுக்குப் போட்டாரும்மா?"

"தெரியல. நான் கேக்கல."

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தலைமையாசிரியர் சடகோபன் ஒரு மாலையோடு வந்தார். பின்னால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், சீருடையோடு, ஒரே வரிசையாக. யாரும் சொல்லாமலே செருப்பை வெளியே ஜோடி ஜோடியாக அடுக்கிவிட்டு உள்ளே வந்தார்கள். பெட்டியைச் சுற்றி நின்று பார்த்தார்கள். பின்வரிசைப் பையன் ஒருவன் கேவி அழ ஆரம்பித்ததும் சடகோபன் அவனைத் தோளில் அணைத்து வெளியே கூட்டிப்போனார்.

பத்து மணிக்குத் தூக்கினார்கள். வாய்க்கரிசி போடும்போது அம்மா இரண்டாம் பிடி அரிசியைப் போட மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அக்காதான் விரலைப் பிரித்துவிட்டாள். ஆண்பிள்ளை இல்லாத வீடு. பள்ளிப்பட்டிலிருந்து வந்த சித்தப்பா தீச்சட்டியைப் பிடித்தார். பெண்கள் தெருமுனை வரைக்கும் போய் நின்றார்கள். பறைச் சத்தம் ரயில்வே கேட்டைத் தாண்டிக் கேட்காமல் போகும் வரைக்கும் நின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

வீடு கழுவிக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரி கொல்லைப்புறம் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தபோது, வாசலில் ஒரு மாணவி மட்டும் போகாமல் நின்றிருந்தாள். ஒல்லியான, எண்ணெய் வழிய வாரி ரெட்டைப் பின்னல் போட்ட பெண்.

"உள்ள வாம்மா. உன் பேரு இன்னா?"

"அஞ்சலா." அவள் உள்ளே வரவில்லை. "நீங்க சாரோட சின்ன பொண்ணுங்களா?"

"ஆங்."

"கம்ப்யூட்டர் அக்கா?"

கஸ்தூரி தலையை மட்டும் ஆட்டினாள். அஞ்சலா வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலை இறக்கிக்கொண்டாள்.

"இப்போ கேக்கக் கூடாதுக்கா. எங்க கிளாஸ்ல எல்லாரும் என்னைத்தான் கேக்கச் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சாரு எங்கள எல்லாம் இங்க பஸ் ஸ்டாண்டு கடைக்கு வரச் சொல்லுவாரு. ஒரே சிஸ்டத்துல தான் தெரியும். லைன்ல நின்னு ஆளுக்குப் பத்து நிமிஷம் எழுதிகினு போவோம். பள்ளிப்பட்டுக் கடையில போட்டா ஒண்ணுமே புரியாத மாதிரி வருது. பரீட்சைக்கு இருபது நாள் தான் இருக்குது. இனிமே எங்கள யாரு பஸ் ஏத்திக் கூட்டிகினு வருவாங்கன்னு எங்க வீட்ல அனுப்ப மாட்டாங்க. சாரு சொன்னாரு, 'என் பொண்ணு வந்துடுவா, வந்தா உங்க ஊர்லயே பாக்கலாம்'னு."

"எப்போ சொன்னாரு?"

"எப்பவும் சொல்லுவாருக்கா. முந்தாநேத்துகூட."

கஸ்தூரி ஈரத் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினாள். "பண்ணித் தரேன்" என்றாள். அஞ்சலா, "தேங்க்ஸ்க்கா" என்று சொல்ல வாயெடுத்து, சாவு வீட்டில் அதைச் சொல்லலாமோ கூடாதோ என்று தெரியாமல் அப்படியே நின்றாள். அப்புறம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடினாள்.

மூன்றாம் நாள் பால் தெளித்தார்கள். நாலாம் நாள் காலை கஸ்தூரி புடவையை மாற்றிக்கொண்டு புறப்பட்டபோது சித்தி தடுத்தாள். கருமாதி ஆகாமல் பெண்பிள்ளை கடைத்தெருவுக்குப் போவதா என்றாள். அம்மா மூலையில் சுருண்டு படுத்திருந்தாள். எழுந்திருக்காமலே சொன்னாள்.

"அவ போவட்டும். அவரு வேலைதான் அது."

தன்வீர் கடை அப்போதுதான் திறந்திருந்தது. ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. பலகைத் தடுப்புகளுக்குள் ஆறு கம்ப்யூட்டர். தன்வீருக்கு முப்பது வயதிருக்கும். அப்பாவைத் தூக்கிப்போனபோது மயானம் வரைக்கும் கூடவே நடந்து போனவன். கஸ்தூரியைப் பார்த்ததும் எழுந்து, நாலாம் நம்பர் தடுப்புக்குள்ளிருந்த நாற்காலியைத் துணியால் துடைத்தான்.

"உக்காருங்கமா. இத்த நான் யாருக்கும் குடுக்கல. அன்னைலேர்ந்து அப்டியே ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன்."

"பாஸ்வேர்டு தெரியுமாண்ணா?"

"நான்தானே போட்டுக் குடுத்தேன்." குனிந்து தட்டினான். "ஒரு தரம் நான் சாரு கிட்ட சொன்னேன். 'சார், இதுக்கு ஏதோ கன்வெர்ட்டர்னு இருக்குதாமே, என் பிரெண்டு சொன்னான், நான் வேணா தேடிப் பாக்கட்டுமா'ன்னு. சாரு வேணாம்னுட்டாரு. 'நீ எதுனா தொட்டு அழிஞ்சிடப் போவுது தன்வீர். அது பத்து நாள் வேலையாம். என் பொண்ணு லீவு கேட்டிருக்கா. அவ இதுலயே வேலை செய்றவ, அவளுக்குத் தெரியாததா'ன்னாரு."

கஸ்தூரி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"டீ சொல்லட்டுமாமா?"

"வேணாண்ணா."

மேலே பெரிய எழுத்தில், 'பத்தாம் வகுப்பு அறிவியல்: எளிய வழி' என்று இருந்தது. கீழே 'ஆக்கம்: நா. பஞ்சாட்சரம், பி.எஸ்ஸி., பி.எட்.' இருபத்திரண்டு பாடங்கள். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே கால். முதல் பாடத்தைத் திறந்து, மொத்தத்தையும் நகலெடுத்து, மாற்றும் பக்கத்தில் ஒட்டி, பொத்தானை அழுத்தினாள். கண் இமைப்பதற்குள் அந்தப் பெட்டியில் தமிழ் வந்து விழுந்தது. எடுத்து மறுபடி வலைப்பூவில் ஒட்டினாள். அவ்வளவுதான்.

படிக்கக் கூடாது, வேலையை மட்டும் பார்க்க வேண்டும் என்று இருந்தாள். ஆனால் ஒட்டும்போது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. புத்தகத்தில் இருக்கும் மாதிரி அவர் எழுதவில்லை. பேசுகிற மாதிரி எழுதியிருந்தார். 'நம் மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி. ஒவ்வொரு படியும் பதினைந்து சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது கிலோ எடையுள்ள அஞ்சலா, காவடி எடுக்காமல் சும்மா ஏறினால் செய்யும் வேலை எவ்வளவு? பத்து கிலோ காவடியோடு ஏறினால் எவ்வளவு? (அஞ்சலா ஐம்பது கிலோ இல்லை என்பது எனக்குத் தெரியும். கணக்குக்காகச் சொன்னேன்.)' மின் மோட்டார் பாடத்தில், 'என் மூத்த மருமகன் வீட்டு விசைத்தறியை நினைத்துக்கொள்ளுங்கள்' என்று இருந்தது.

ஒன்பதாவது பாடத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. 'இந்தப் பாடத்துக்குரிய படம், என் மகள் ஊருக்கு வரும்போது சேர்க்கப்படும்.' பதினொன்றாவது பாடத்திலும் இருந்தது. பதின்மூன்றிலும் இருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு பாடத்திலும் இருந்தது.

தன்வீர் பின்னால் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "அந்த லைன எடுத்துடலாமாமா? படமெல்லாம் புக்குலயே இருக்குதே பசங்களுக்கு" என்றான்.

"இருக்கட்டும்ணா."

இருபத்திரண்டாவது பாடம் பாதியில் நின்றிருந்தது. 'ஒளி ஒரு ஊடகத்திலிருந்து இன்னொரு ஊடகத்துக்குள் நுழையும்போது' என்ற இடத்தில் முடிந்துபோயிருந்தது. அவள் அதையும் மாற்றி, அப்படியே ஒட்டினாள். பிறகு எழுந்து, ஒன்றாம் நம்பர் சிஸ்டத்தில் போய்த் திறந்து பார்த்தாள். தமிழாக இருந்தது. மூன்றாம் நம்பரில் திறந்து பார்த்தாள். அதிலும் இருந்தது. கடிகாரம் பத்து ஐம்பத்தெட்டு காட்டியது.

நாற்பத்து மூன்று நிமிடம். நடுவில் வரிகளைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த நேரமும் அதற்குள் சேர்த்தி.

"முடிஞ்சிதாமா?" தன்வீர் கேட்டான். கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ தேடுகிறவன் போல வெகுநேரம் குனிந்துகொண்டான்.

"பள்ளிப்பட்டுக் கடைக்காரரு உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"தெரியும்மா. போன் பண்ணிச் சொல்லிடறேன். பசங்களுக்குச் சொல்லிடுவாரு."

"வீட்ல யார்னா கேட்டா..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. தன்வீரும் "ஆங்" என்று மட்டும் சொன்னான்.

கடையை விட்டு வெளியே வந்தாள். வெயில் ஏறியிருந்தது. வீட்டுக்குப் போகிற தெருவில் நாலடி நடந்தாள். பதினொரு மணிக்குப் போய் நின்றால் அம்மா, "அதுக்குள்ளயா?" என்று கேட்பாள். கோபமாகக் கேட்க மாட்டாள். தெரிந்துகொள்ளத்தான் கேட்பாள். கஸ்தூரி திரும்பி, எதிர்ப்பக்கம் ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். திருப்பதிப் பக்கம் போகிற வண்டி வந்தது, போனது. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய ஒரு குடும்பம், கைக்குழந்தை முதல் தாத்தா வரை ஒரே மாதிரி தலைகளோடு, புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டது. அவர்களை ஏற்றிக்கொண்டு சென்னை வண்டி போனது. ஒரு மணி ஆனது. இரண்டரை ஆனது. வெயில் பெஞ்சுக்கு வந்ததும் நிழல் இருந்த பெஞ்சுக்கு மாறினாள். அங்கும் வந்ததும் மறுபடி மாறினாள். டீ விற்கிறவர் மூன்றாம் தரம் கடக்கும்போது நின்றார்.

"எந்த வண்டிக்குமா உக்காந்துகினு கீற? காலைலேர்ந்து பாக்கறேன், எல்லா வண்டியும் போவுதே?"

"ஆறு மணி வண்டிங்க."

"அதுக்கு இப்பவே வந்துட்டியா?"

அவள் ஒரு டீ வாங்கிக்கொண்டாள். குடிக்கத் தொடங்கியபோதுதான் அழுகை வந்தது. டீ கையில் சிந்தியது. டீக்காரர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல், கொஞ்சம் தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவள் அடங்கி முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

வீட்டில் விளக்கு வைத்திருந்தார்கள். அப்பா படத்துக்கு முன்னால் இருந்த அகல்விளக்குத் திரியை அக்கா தூண்டிக்கொண்டிருந்தாள். கஸ்தூரி கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். நாலு நாளில் இன்றுதான் தலை சீவியிருந்தாள்.

"இப்பத்தான் முடிஞ்சிதா?"

"ஆங்மா."

"காலைலேர்ந்தா?"

"நெறைய வேலை இருந்திச்சி."

"எல்லாம் சரியாயிடுச்சா? பசங்களுக்குத் தெரியுமா இனிமே?"

"தெரியும்மா. எங்க போட்டாலும் தெரியும்."

அம்மா அக்காவின் பக்கம் திரும்பினாள். "பாத்தியா? நீ அன்னிக்குச் சொன்னியே, இவ மனசு வெச்சிருந்தா அப்பவே பண்ணிக் குடுத்திருப்பான்னு. லேசான வேலையா இருந்தா இந்நேரம் வரைக்கும் ஆவுமா? அவரு சொன்னாரு. அவருக்குத் தெரியும்."

அக்கா திரியைத் தூண்டிக்கொண்டே இருந்தாள். கஸ்தூரி சுவரோரம் உட்கார்ந்தாள். அம்மா தரையோடு தரையாக நகர்ந்து அவள் பக்கத்தில் வந்தாள்.

"நாள் பூரா தட்டினா வெரலெல்லாம் இன்னாத்துக்கு ஆவும்" என்று சொல்லி, கஸ்தூரியின் வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரலில் ஆரம்பித்து, ஒவ்வொரு விரலாக அடியிலிருந்து நுனி வரைக்கும் நீவிவிட்டாள். ஐந்தையும் முடித்துவிட்டு, "அந்தக் கையக் குடு" என்றாள்.

கஸ்தூரி கொடுத்தாள்.